ராயப்பர் முதல் சுந்தரர் வரை: வடசென்னையில் வசை துறந்தோர் பற்றிய ஓர் ஆய்வு

வடசென்னைக்காரர்கள் எப்படித் திட்டுவார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சினிமா காட்டிவிட்டது; மிச்சத்தை மிமிக்ரிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2018இல் வெற்றிமாறனின் ‘வடசென்னை’ ‘ஏ’ சான்றிதழோடு வெளியானபோது, படத்தின் கதையை மறந்துவிட்டு அதில் வந்த சொற்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால், அதே தெருவில், அதே டீக்கடையில், அதே புழுக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை. வசனகர்த்தாவுக்கு வேலை இருக்காது என்பது காரணமாக இருக்கலாம். அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்களத்தின் தெற்கெல்லை ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஊர் என்பதால், தென்னிந்தியாவின் முதல் தாமதமும் அதற்கான முதல் திட்டும் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. வடக்கெல்லை எண்ணூர் முகத்துவாரம். கிழக்கே கடல். மேற்கே எல்லை வகுக்கப்படவில்லை. மணலிப் பக்கம் திரும்பினால் கட்டுரை முடியாது.

ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வுப்பொருளை அச்சில் ஏற்ற முடியாது. புள்ளி வைத்து மறைத்தால் வாசகர்கள் புள்ளிகளை நிரப்பிப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிடுவார்கள். எனவே கோயில் வழக்கிலிருந்து இரண்டு கலைச்சொற்களைக் கடன் வாங்குகிறோம். மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. வீதிக்கு வருபவர் உற்சவர். அதுபோல, எதிராளியின் தாயைச் சுட்டித் தொடங்கும் அந்தத் தலையாய சொல்லை மூலவர் என்றும், அதற்குப் பதிலாக வெளியே உலா வரும் ‘ங்கொய்யால’ வகையறாக்களை உற்சவர் என்றும் குறிப்போம். இக்கட்டுரையில் மூலவர் எங்கும் எழுந்தருளமாட்டார். வேண்டியவர்கள் மனத்துக்குள் சேவித்துக்கொள்ளலாம்.

முன்னோர் நோக்கு

சபையில் சொல்லத்தகாத சொல்லுக்குத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்று பெயர் வைத்து, அதை மறைத்துச் சொல்லும்படி விதித்தார். பின்னால் வந்த நன்னூல் அதையே இடக்கரடக்கல் என்று சொல்லி, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு தகுதி வழக்கில் சேர்த்தது. ஆக, நாக்கை அடக்குவது தமிழனுக்கு இலக்கணம் சொன்ன பாடம். இதுவரை சரி.

ஆனால், இதே நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணவர்களைத் தரம் பிரிக்கிறார். கடை மாணாக்கனுக்கு அவர் தரும் உவமைகள்: ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரி என்பது வேறொன்றுமில்லை. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. ஆகவே இன்றைக்கும் தண்டையார்ப்பேட்டைப் பள்ளி ஒன்றில் வாத்தியார் ஒரு பையனை “எருமை, பன்னாடை” என்று அழைத்தால் அவர் திட்டுகிறார் என்று கொள்ளக் கூடாது, நூற்பா சொல்கிறார்.

வள்ளுவரின் வழக்கு இன்னும் சுவையானது. இனிய சொல் இருக்கும்போது கடுஞ்சொல் பேசுவது, பழத்தை விட்டுக் காயைக் கடிப்பது மாதிரி என்று அதிகாரம் போட்டுச் சொன்னவர் அவர். பத்தாம் அதிகாரத்தில் அப்படிச் சொன்னவர், இருபதாம் அதிகாரத்தில், வெட்டிப்பேச்சுப் பேசுகிறவனை மனிதன் என்று சொல்லாதே, மனிதர்களில் பதர் என்று சொல் என்கிறார். அதாவது, ஆளைப் பார்த்துத் திட்டியதோடு, நம்மையும் அப்படித் திட்டச் சொல்லிக் கொடுக்கிறார். அதோடு நிற்கவில்லை. இரவச்சம் அதிகாரத்தில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெட்டுப் போகட்டும் என்று கடவுளுக்கே சாபம் கொடுக்கிறார். காசிமேட்டில் மண்ணை வாரித் தூற்றும் பாட்டிகள்கூடப் பக்கத்து வீட்டுக்காரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1330 குறளில் இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால்தான் அவை சுடுகின்றன. இந்தச் சிக்கனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வின் முடிபு இதன்மேல்தான் உட்காரப் போகிறது. வசை பாடுவதற்கே பேர்பெற்ற காளமேகப் புலவரை இங்கே சேர்க்கவில்லை. அவர் எதிரணி.

இரு புனிதர்கள்

ராயபுரம் என்ற பெயர் ராயப்பரிலிருந்து வந்தது என்பார்கள். ராயப்பர் என்றால் பேதுரு. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையில் படகு தள்ளியவர்கள் எழுப்பிய ஆலயம் அவர் பெயரில் இன்றும் நிற்கிறது. பேதுருவும் மீனவர். இயேசு கைதான இரவில், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் தெரியாது என்றார். மூன்றாவது தடவை சும்மா சொல்லவில்லை; சபிக்கவும் ஆணையிடவும் தொடங்கினார் என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். சேவல் கூவியது, வெளியே போய் அழுதார்.

இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, அவர் அழுதது மறுதலித்ததற்காக. திட்டியதற்காக அழுததாக எங்கும் இல்லை. நடு ராத்திரியில் நெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டிருந்த ஒரு மீனவர், பதற்றத்தில் நாலு வார்த்தை விட்டதைப் பற்றிப் பிற்பாடு யாரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. முன்னமே கொடுத்திருந்த பரலோகச் சாவியைத் திருப்பி வாங்கவும் இல்லை.

அங்கிருந்து வடக்கே திருவொற்றியூர். இங்கே வருபவர் சுந்தரர். இவருடைய வாய் ஏற்கெனவே பேர்போனது. புத்தூரில் கல்யாணப் பந்தலில் வந்து வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று ஏசிவிட்டு, அந்தக் கிழவர் சிவன் என்று தெரிந்ததும் எப்படிப் பாடுவது என்று தவித்தவர். ஏசிய சொல்லிலேயே தொடங்கு என்று இறைவன் எடுத்துக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். திட்டு ஒன்று அவருடைய தேவாரத்தின் முதற்சொல்லானது. திட்டியவருக்கு வன்தொண்டர் என்று பட்டமும் கிடைத்தது. திட்டுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் உலகில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

திருவொற்றியூரில் அவர் சங்கிலியாரை மணக்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ சங்கிலியார் கனவில் வந்து, சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் நடக்கும் கதை இது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று பாடியபோது அவர் வாயில் வந்தது வசைச்சொல் அல்ல. உம்மை நம்பினவன் இப்படிக் கிடக்கிறான், நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்ற பொருளில் பாடுகிறார்.

இவ்வாய்வின் திருப்புமுனை இந்த இடம்தான். “நல்லா இரு சாமி, நீ நல்லா இரு” என்று கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒருவர் சொன்னால், வடசென்னையில் வாழ்த்து என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வாங்கிக்கொண்டவர் வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் ஆளைச் சாய்க்கிற இந்தக் கலைக்குத் திருவொற்றியூரோடு இவ்வளவு பழைய உறவு இருக்கிறது. ஆக, தெற்கு முனையில் கத்தித் திட்டிய புனிதர். வடக்குப் பக்கம் வாழ்த்தித் திட்டிய புனிதர். இந்த இருவருக்கும் நடுவில்தான் நம் மக்கள் பஸ் ஏறி இறங்குகிறார்கள்.

பட்டினத்தார் சமாதியும் திருவொற்றியூரில்தான் இருக்கிறது. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு இந்த ஊருக்கு வந்ததும் இனித்தது என்பது கதை. அவர் பெண்களை ஏசிய பாடல்களைப் பற்றி எழுதினால் கட்டுரையாளர் இரண்டு தரப்பிலும் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும். விட்டுவிடுகிறேன்.

பனிக்கட்டிச் சோதனை

2009இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கைவிடச் சொன்னார். ஒரு தடவை கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கையை வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை மேசையை வர்ணிக்கிற மாதிரிச் சப்பென்ற வார்த்தை சொன்னார்கள். கெட்ட வார்த்தை சொன்னபோது சராசரியாக அரை நிமிடத்துக்கும் மேல் கூடுதலாகத் தாங்க முடிந்தது. 2010இல் இதற்கு இக்நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. காசிமேட்டில் விடிவதற்கு முன்பிருந்து ஐஸில் கைவிட்டு மீன் பொறுக்கும் பெண்களிடம் இதைச் சொன்னால், “இதுக்கா பிரைஸு?” என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து வந்த சோதனைகள் நமக்கு இன்னும் முக்கியம். தினமும் அதிகம் திட்டுகிறவர்களுக்கு இந்த வலிநிவாரணம் குறைவாகவே வேலை செய்கிறது என்று 2011இல் கண்டார்கள். 2020இல் ‘ஃபவுச்’, ‘ட்விஸ்பைப்’ என்று இரண்டு புதுச் சொற்களைத் தயார்செய்து, அவற்றைத் திட்டாகச் சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். வலி குறையவில்லை. நம் கலைச்சொல்லில் சொன்னால், உற்சவருக்கு வலி தீர்க்கும் வரம் இல்லை; அது மூலவருக்கு மட்டும். அந்த மூலவரும் தினசரி வெளியே வந்தால் சக்தி குறைந்துபோகிறார். அப்படியென்றால் யார் கெட்டிக்காரர்? வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து, ஒரே ஒரு நாளைக்கென்று சேர்த்துவைத்திருப்பவர். வசை துறந்தவர் என்று ஊர் நினைப்பவர் எதையும் துறக்கவில்லை. நிரந்தர வைப்பில் போட்டிருக்கிறார்.

சான்று ஒன்று. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் நெருங்குகிற நேரம். இனி மீன் கிடைக்காது என்ற பயத்தில் நகரமே திரண்டு வந்திருந்தது. ஏலச் சத்தத்தில் மூலவர் மூச்சுக்கு மூச்சு எழுந்தருளிக்கொண்டிருந்தார். ஐஸ் வண்டி வந்தாலும் அவர்தான், வண்டி போனாலும் அவர்தான். இந்த நடுவில் ஒரு ஆயா. பலகைமேல் நாலு வஞ்சிரம், காலடியில் நனைந்த சாக்கு, விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்திருந்தன. கெட்ட வார்த்தை பேசாதவர் என்று பக்கத்துக் கடைப் பெண்கள் அடையாளம் காட்டினார்கள். காட்டிய குரலில் மரியாதை பாதி, பயம் பாதி.

காரில் வந்த ஒருவர் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். விரலால் வயிற்றை அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோய், “லைட்டா ஸ்மெல் வருதே” என்று பாதி விலைக்குக் கேட்டார். பக்கத்துக் கடையில் கத்தி நின்றது. ஆயா எழுந்து, மீனை அவர் கையிலிருந்து பதமாக வாங்கி, பலகையில் படுக்கவைத்து, இரண்டு கை ஐஸை அள்ளி அதன்மேல் போட்டு மூடி, குழந்தையைத் தட்டுவதுபோல் ஒரு தட்டு தட்டினார். பிறகு, “நீ போ கண்ணு. உனுக்கு பாக்கெட்ல வர கோழிதான் செட்டாவும்” என்றார். அவ்வளவுதான். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. வந்தவர் காது சிவந்து நகர்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். மூலவரைப் பெற்றுக்கொண்டிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று போயிருப்பார்.

சாமிகள், சார்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ‘விரைவு’ என்ற சொல்லே ஓர் அவையல் கிளவி என்று தோன்றும். மணிக்கணக்கில் நிற்கும் இந்த வரிசையில் மூலவர் வசையாகப் பயன்படுவதே இல்லை. அரைப்புள்ளியாக, வியப்புக்குறியாக, ‘ரொம்ப’ என்பதற்கு மாற்றாக, சமயத்தில் வாஞ்சையாகப் பயன்படுகிறார். “டீ சாப்பிட வாடா” என்று கூப்பிடும்போதுகூட முன்னால் ஒரு தடவை வருவார். கோபமே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் காட்சி மாறுகிறது. மாலை போட்ட ஓட்டுநருக்கு நாவிரதம். எதிரில் இருப்பவரும் மாலை போட்டவர் என்றால் இரண்டு பேருமே சாமி. அப்படி ஓர் உரையாடல்:

“சாமி, கொஞ்சம் முன்ன எடு சாமி.”

“எங்க சாமி எடுக்கறது? முன்னாடி உன் மாமியார் வூடா கீது சாமி?”

“கண்ணு தெரியுதா சாமி உனுக்கு?”

“நல்லா தெரியுது சாமி. அத்தால தான் உன்ன பாத்துகினு கீறேன். என் பாவம் சாமி.”

“சாமியே சரணம்.”

“ஐயப்பா. வண்டிய எடு சாமி.”

இதில் ஒரு சொல்லையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சொன்ன தொனியை எழுத்தில் கொண்டுவரத் தமிழில் குறியீடு இல்லை. மகரவிளக்கு முடிந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் பழைய மொழிக்குத் திரும்பினால்தான் ஒருவரை ஒருவர் மன்னித்ததாக அர்த்தம்.

கார்த்திகை முடிந்தால் ராயபுரத்துக் கத்தோலிக்கத் தெருக்களில் தவக்காலம் வரும். அதன் முன்னோ பின்னோ நடுவிலோ ரம்ஜான் வரும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றக் காப்புக் கட்டியவர்கள் இருப்பார்கள். நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் இந்தப் பகுதியில் வருடத்தில் பெரும்பாலான நாட்களில் யாராவது ஒருவர் வாயை அடக்கிக்கொண்டு இருக்கிறார். வெளியே இருந்து வருகிறவர்கள் காதில் மற்றவர்கள் மட்டும் விழுகிறார்கள்.

விரதம் இல்லாமலே துறந்தவர்களின் ஆயுதம் வேறு. அது மரியாதை. முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த இரண்டு நண்பர்கள். சீட்டுப் பணத்தில் ஏதோ மனத்தாங்கல். காலையில் டீக்கடையில் ஒருவர் வழக்கம்போல், “மச்சான், டீ சொல்ட்டியா?” என்கிறார். மற்றவர் தினத்தந்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சொல்லிட்டேங்க” என்கிறார். டீக்கடைக்காரர் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ ஒரு நொடி நின்று பிறகு விழுந்தது. அந்த ‘ங்க’வைக் கேட்டவர் டீ குடிக்காமல் எழுந்து போனார். அன்று சாயங்காலமே பணம் வீட்டுக்கு வந்தது. அடிதடி இல்லை, பஞ்சாயத்து இல்லை. வாடா போடா இருக்கும்வரை உறவு இருக்கிறது. சார் வந்துவிட்டால் தலைமுழுகியாயிற்று என்று பொருள்.

விம்கோ நகர் வரை 2021இல் நீட்டிய மெட்ரோ ரயில் தனி ஆய்வுக்குரியது. பிளாட்பாரப் படிக்கட்டில் ஏறும்வரை சரளமாகப் பேசிவந்தவர்கள், குளிர்பெட்டிக் கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தி நாகரிகமாகிவிடுகிறார்கள். வெப்பநிலைக்கும் வசைக்கும் நேர்விகித உறவு உண்டோ என்ற ஐயம் எழுகிறது. காசிமேட்டு ஐஸ் இதைப் பொய்யாக்குவதால், ஐயத்தை ஐயமாகவே விட்டுவைக்கிறோம்.

பிரிவு 294 (பி)

பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 294 (பி) பிரிவுப்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டை எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் முதலில் நிற்பது இந்தப் பிரிவுதான். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி மாதிரி அதைப் போட்டுவிட்டுத்தான் மேலே எழுதுவார்கள்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திட்டினால் மட்டும் போதாது. அது மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். ஏலம் நடக்கும் நேரத்தில் காசிமேட்டில் மூலவரைக் கேட்டுத் தொந்தரவுக்குள்ளான ஒருவரைத் தேடுவது, பெருமாள் கோயிலில் பொங்கல் பிடிக்காதவரைத் தேடுவது. ஆளை அடையாற்றிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று மொட்டையாகச் சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால், என்ன சொல் என்பதையும் புகாரில் எழுத வேண்டியிருக்கிறது. இதனால் ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர்தான் மூலவரைத் தினமும் கையால் எழுதும் அர்ச்சகர். இவர்களில் வீட்டில் வாயைத் திறந்தால் “ராமா, கிருஷ்ணா” என்பவர்களும் உண்டு. எழுத்தில் தீர்ந்துவிடுகிறது போலிருக்கிறது.

சுத்தமான சொற்கள்

இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்த வேண்டும். கெட்ட வார்த்தை பேசாத பெண்களிடம் ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், பாவம் என்றோ படிப்பு என்றோ சொல்வதில்லை. “சண்ட அவுனுக்கும் இவுனுக்கும். நடுவுல எங்கம்மா இன்னா பண்ணுச்சு?” என்பதே பதில். மூலவர் தொடங்கிப் பரிவாரம் முழுக்கத் தாய், தங்கை, மனைவி என்று யாரோ ஒரு பெண்ணின்மேல்தான் ஏறி நிற்கிறது. சண்டை போட்ட இரண்டு ஆண்களும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த விளக்கத்தை எதிர்த்து வாதாட இவ்வாய்வாளரிடம் ஒன்றும் இல்லை.

நாகரிகமானவை என்று நாம் நினைக்கிற சொற்களின் கணக்கு இன்னும் மோசம். ‘கேப்மாரி’ என்று விளையாட்டாகச் சொல்கிறோம். குற்றப்பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் ஒரு கூட்டத்தாருக்கே ஒட்டப்பட்ட பெயர் அது. சாதிப் பெயரையே வசையாக்கிச் சொல்வது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஆனால் மூலவரைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் பெரிய மனிதர்கள் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து அவற்றைச் சாதாரணமாகச் சொல்வதை யார்தான் கேட்டதில்லை? அவர்கள் கெட்ட வார்த்தை பேசாதவர்கள் என்ற பட்டியலில் வருவார்களா என்று ஆய்வுக்குழு (ஓர் உறுப்பினர்) கூடி விவாதித்து, வரமாட்டார்கள் என்று ஒருமனதாக முடிவு செய்தது. ஆங்கிலப் பள்ளி வாசலில் “ஷிட்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் “பேட் வேர்ட்ஸ் பேசக் கூடாது” என்னும் தாய்மார்களுக்கு எச்சரிக்கையோடு விலக்கு அளிக்கப்பட்டது.

‘பொறம்போக்கு’ கதை இந்த மண்ணிலேயே நடந்தது. வரி விதிப்புக்குப் புறம்பான, எல்லோருக்கும் பொதுவான ஆறு, ஏரி, மேய்ச்சல் நிலத்துக்கு ரெவின்யூ கணக்கில் இருந்த பெயர். யாருக்கும் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்று ஆகி, கடைசியில் ஆளைத் திட்டும் சொல்லானது. 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ டி.எம். கிருஷ்ணாவின் குரலில் வந்தது. எண்ணூர்க் கழிவெளியிலும் அனல்மின் நிலையங்களின் சாம்பலுக்கு நடுவிலும் நின்று அவர் பாடினார். கர்நாடக சங்கீதத்தில் ராகமாலிகையாக ஒரு வசைச்சொல் ஏறியது, வன்தொண்டருக்குப் பிறகு இதுவாகத்தான் இருக்கும்.

எண்ணூர்க்காரர்களுக்கு எது கெட்ட வார்த்தை என்று கேட்டுப் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்தன. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். கழிவெளியில் இறால் பிடிக்கும் ஒருவர் சொன்னது: “‘பரிசீலனைல கீது’ன்றாங்க பாரு சார், அதுதான். அத்த மட்டும் என் பசங்க காதுல போடாதீங்க.”

ஒரு நேர்காணல்

திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேரடிப் பக்கம் வீடு. தெருவில் இவர் நடந்து வந்தால் பையன்கள் பேச்சைப் பாதியில் விழுங்குவார்கள். இரைச்சலில் காது கேட்காத பட்டறையில், வாயசைவைப் பார்த்தே திட்டைப் படித்துக்கொள்ளும் ஆட்களுக்கு நடுவே வேலை பார்த்தும், பேசாமலே இருந்திருக்கிறார்.

“ஒரு தபாகூடவா பேசினதில்ல?”

“ஒரே ஒரு தபா.”

ஸ்பேனரைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தொலைத்துவிட்ட கூட்டாளி ஒருவரிடம் வாய் தவறிவிட்டது. பக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். யூனியன் செயலாளர் ஓடி வந்து, “அண்ணே, உடம்பு எதுனா சரியில்லியா?” என்று கேட்டார். யாரோ குளுகோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். திட்டு வாங்கியவர் மூன்று நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது கையில் புது ஸ்பேனர், அதுவும் செட்டாக.

“இன்னா வார்த்த சொன்னீங்க நைனா?”

பெரியவர் தலையை ஆட்டினார். சொல்லமாட்டார். ஆய்வின் நலன் கருதி இரண்டு தடவை கேட்டும் சுவரில் இருந்த முருகர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி அதைச் சொன்னார். உரத்த குரலில், ஓர் எழுத்து சிதையாமல், முன்னொட்டு பின்னொட்டோடு. சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்தார்.

“இதான் சொன்னாரு. இத்த சொல்லிட்டு ராத்திரி சோறு துன்னல. மறுநா காத்தால வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயி நின்னுகினு கீறாரு. நான் தெனிக்கும் கொழாயாண்ட பத்து தபா சொல்றேன், என்ன ஒரு நாயி திரும்பிப் பாக்க மாட்டேங்குது. நீங்க இன்னா சார், டீ குடிக்கிறீங்களா, இல்ல இத்தயும் எழுதிக்கப் போறீங்களா?”